பன்னிரண்டு கிளாஸ்: நாகேஷ் பட்டிமன்றத்தில் சிரிப்பு அணியின் உரை

நடுவர் அவர்களே, மேடையில் இருப்பவர்களே, கீழே உட்கார்ந்திருப்பவர்களே, அந்த வேப்பமரத்தடியில் நின்றபடி வீட்டுக்குப் போகலாமா இருக்கலாமா என்று யோசிக்கிறவர்களே, எல்லோருக்கும் வணக்கம். யோசிக்கிறவர்கள் கால் மணி நேரம் பொறுங்கள். நான் முடித்ததும் தாராளமாகப் போகலாம். எனக்கு அடுத்துப் பேசப்போகிறவர் எதிரணிக்காரர்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். ‘நாகேஷ் இன்றும் நம் மனதில் நிற்பது பெரிதும் அவர் தந்த சிரிப்பாலா, கண்ணீராலா?’ நான் சிரிப்பு அணி. நாகேஷ் வளர்ந்த இந்தத் தாராபுரத்தில், தேர்நோம்பி மேடையில் நின்று, அவர் சிரிக்க வைத்தார் என்று நிரூபிக்க ஒரு ஆளை வரவழைத்திருக்கிறீர்கள். அமராவதியில் தண்ணீர் ஓடும் என்று நிரூபிக்க வக்கீல் வைத்த மாதிரி. சரி, சில வருஷம் அதற்கும் வக்கீல் தேவைப்படுகிறது.

வக்கீல் என்றதும் ஞாபகம் வருகிறது. எனக்கு முன்னால் எதிரணியில் இரண்டு பேர் பேசினார்கள். பேராசிரியை அம்மா ‘நீர்க்குமிழி’ சொன்னார், ‘எதிர்நீச்சல்’ சொன்னார், ‘நம்மவர்’ சொன்னார். பெண்கள் பக்கம் நாலைந்து முந்தானை கண்ணுக்குப் போனதை நானே பார்த்தேன். அந்த அம்மா பேச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் வந்த வக்கீல் அய்யா ஒன்று சொன்னார் பாருங்கள்: “சிரிக்க வைத்ததில் நாகேஷுக்கு என்ன பெரிய சாமர்த்தியம்? ஒட்டிய கன்னம், அம்மைத் தழும்பு, ஒல்லிக்குச்சி உடம்பு. அந்த முகத்தைப் பார்த்தாலே சிரிப்பு வரும். சிரிப்பு ஆண்டவன் போட்ட பிச்சை, அழ வைத்ததுதான் அவர் சம்பாதித்தது.” நீங்களும் கை தட்டினீர்கள். தட்டியது யார் யார் என்று மேலிருந்து நன்றாகவே தெரிந்தது.

நான் ஐந்து பாயிண்ட் எழுதிக்கொண்டு வந்தேன். இதோ அந்தக் காகிதம். மடித்துப் பையில் வைக்கிறேன். இனி எனக்கு வக்கீல் அய்யா மட்டும்தான்.

ஆனால் அதற்கு முன்னால் எங்கப்பா.

எங்கப்பா இதே ஊரில், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கிளப்புக் கடையில் சர்வர். கடைப் பெயர் வேண்டாம், முதலாளியின் பேரன் இங்கே எங்கோ உட்கார்ந்திருக்கிறார். மாதம் இருபது ரூபாய் சம்பளம், மூன்று வேளை சாப்பாடு, படுக்க ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு. வயது இருபத்திரண்டு. ஒல்லி. என்னைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். எனக்கு வாய்த்தது அம்மா வழி உடம்பு.

1964 டிசம்பரில் ‘சர்வர் சுந்தரம்’ வருகிறது. கே. பாலசந்தர் மேடைக்கு எழுதிய நாடகத்தைக் கிருஷ்ணன் - பஞ்சு படமாக எடுத்தார்கள். ஓட்டலில் டேபிள் துடைக்கிறவன் சினிமா நட்சத்திரம் ஆகிற கதை. அந்தச் சுந்தரம்தான் நாகேஷ். பெரிய ஊரிலெல்லாம் ஓடி, பெட்டி நம் ஊருக்கு வருவதற்குள் பங்குனி ஆகிவிட்டதாம். அப்பா முதல் நாளே இரண்டாவது ஆட்டம் போனார். மறுநாளும் போனார். மொத்தம் ஒன்பது தடவை. முதலாளி கேட்டிருக்கிறார், “ஏண்டா, ஒரே படத்தையே பாக்கறயே, தெனமும் அதுல புதுசா என்னடா வருது?” அப்பா சொன்ன பதில்: “இங்க எல்லாரும் உக்காந்திருக்கறாங்க, சர்வர் நிக்கறான். அங்கயும் எல்லாரும் உக்காந்திருக்கறாங்க, சர்வர் நிக்கறான். ஆனா அங்க அவனைப் பாக்கறதுக்குக் காசு குடுத்துட்டு உக்காந்திருக்கறாங்க முதலாளி.”

இருங்கள், கை தட்டாதீர்கள். கதை இனிமேல்தான்.

அந்தப் படத்தில் நாகேஷ் காபி ஏனத்தையெல்லாம் கோபுரம் மாதிரி அடுக்கிக்கொண்டு, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, இதோ விழுகிறது, இதோ விழுகிறது என்று வருவார் இல்லையா? விழாது. அது அப்பாவின் மனதில் போய் உட்கார்ந்துவிட்டது.

ஒரு சந்தை நாள். காலை ஒன்பது மணி. கடையில் நிற்க இடமில்லை. டேபிள் டேபிளாக டீ குடித்து வைத்த கண்ணாடி கிளாஸ். அப்பா எடுக்கிறார். ஒன்று. அதன் மேல் ஒன்று. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. ஆறோடு நிறுத்தியிருந்தால் எங்கள் குடும்பத்துக்கு வரலாறே இருந்திருக்காது. ஆறாவது கிளாஸில், சந்தைக்கு வந்த ஏதோ ஒரு புண்ணியவான், “அட, சர்வர் சுந்தரம்!” என்று சொல்லிவிட்டார்.

முடிந்தது. பாராட்டு வந்த பிறகு ஆறோடு நிறுத்திய மனிதன் உலகத்தில் உண்டா? நடுவர் அவர்களே, நீங்கள் சிரித்தீர்கள் என்பதற்காக நானே இந்தக் கதையை எவ்வளவு இழுக்கிறேன் பாருங்கள்.

ஏழு. எட்டு. ஒன்பது. கடையில் சாப்பிடுகிற கை எல்லாம் நின்றுவிட்டது. பத்து. பதினொன்று. கல்லாவில் முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறார். பன்னிரண்டு. அப்பா நடக்கிறார். இடுப்பை ஒடிக்கிறார். தலையைச் சாய்க்கிறார். இடது பக்கம் ஒரு ஆட்டம், ஜனம் “ஆ” என்கிறது. வலது பக்கம் ஒரு ஆட்டம், ஜனம் “ஓ” என்கிறது. சமையல்கட்டு வாசலுக்கு இன்னும் இரண்டு எட்டு. அங்கிருந்து சரக்கு மாஸ்டர், கையில் நெய் ரோஸ்ட்டோடு, இது எதுவும் தெரியாமல், வெளியே வருகிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

சத்தம் அலங்கியம் வரைக்கும் கேட்டதாம். கிளாஸ் உடைந்து, நெய் ரோஸ்ட் பறந்து, அது போய் விழுந்தது எங்கே என்கிறீர்கள்? “சர்வர் சுந்தரம்” என்று சொன்னாரே அந்தப் புண்ணியவான், அவர் இலையில். ஒரு விநாடி கடையில் மூச்சுச் சத்தம் இல்லை. அந்த ஆள் ரோஸ்ட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், “நான் இட்லிதானுங்க கேட்டேன்” என்றார். மொத்தக் கடையும் சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து எழுதினார்: கிளாஸ் 12, நாலணா வீதம் மூன்று ரூபாய், சம்பளத்தில் பிடித்தம்.

அன்றைக்கு எங்கப்பாவின் சொந்தப் பெயர் போனது போனதுதான். ஊருக்கே சுந்தரம். என் கல்யாணப் பத்திரிகையில் அப்பாவின் உண்மையான பெயரைப் போட்டோம். பாதிப் பேர் இது வேறு யாரோ என்று வரவே இல்லை. மொய் போச்சு.

வக்கீல் அய்யா, இப்போது உங்களிடம் வருகிறேன். எங்கப்பா நாகேஷ் மாதிரியே ஒல்லி. கன்னம் ஒட்டித்தான் இருக்கும். சின்ன வயதில் அவருக்கும் அம்மை போட்டது, தழும்பு உண்டு. ஆண்டவன் போட்ட பிச்சை என்றீர்களே, அந்தப் பிச்சை அத்தனையும் எங்கப்பாவிடமும் இருந்தது. நாகேஷ் அடுக்கினார், ஒன்றுகூட விழவில்லை, லட்சக்கணக்கான பேர் சிரித்தார்கள். எங்கப்பா அடுக்கினார், பன்னிரண்டும் விழுந்தது, நாற்பது பேர் சிரித்தார்கள். முகம் இருந்தால் போதுமென்றால் எங்கப்பாவுக்கு மூன்று ரூபாய் ஏன் பிடித்தார்கள்? சட்டம் படித்த நீங்கள் சொல்லுங்கள்.

பார்த்தாலே சிரிப்பு வருகிற முகம் பற்றி எனக்கும் அனுபவம் உண்டு. நான் பெண் பார்க்கப் போன அன்று என் வீட்டுக்காரி என்னைப் பார்த்ததும் சிரித்தாள். சம்மதம் என்று நினைத்துவிட்டேன். இருபத்தாறு வருஷம் ஆகிறது, அன்றைக்கு ஏன் சிரித்தாய் என்று கேட்டால் இன்னும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

விளையாட்டு போகட்டும். நாகேஷின் ஆரம்பத்தைப் பாருங்கள். ரயில்வேயில் குமாஸ்தா. அங்கே ஒரு நாடகம் போட்டார்கள். இவருக்குக் கொடுத்தது வயிற்று வலிக்காரன் வேஷம். டாக்டரைப் பார்க்க வந்த நோயாளி, அவ்வளவுதான். வருவான், வலிக்கிறது என்பான், போவான். அந்த நாடகத்துக்குத் தலைமை தாங்க வந்தவர் எம்.ஜி.ஆர். கதாநாயகன், வசனம் எல்லாவற்றையும் தாண்டி, அந்த வயிற்று வலிக்காரனைப் பேர் சொல்லிப் பாராட்டி அவருக்குப் பரிசுக் கோப்பை கொடுத்தார். வக்கீல் அய்யா, மேடை நாடகத்தில் குளோசப் கிடையாது. பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு நடிகனின் கன்னத்தில் இருக்கிற தழும்பா தெரியும்? தெரிந்தது வயிற்றைப் பிடித்த கை, மடங்கிய முதுகு, தரையில் நிற்காத கால். வயிற்று வலி வந்தவனாக நடித்தவர், பார்த்தவனுக்கெல்லாம் வயிற்று வலி வரவைத்தார். அதற்கு ஆண்டவன் என்ன செய்வார், பாவம்.

அடுத்து ‘காதலிக்க நேரமில்லை’. அதுவும் 1964தான். ஸ்ரீதர் படம். சினிமா எடுக்கிறேன் என்று வீட்டுக்குள்ளேயே கம்பெனி நடத்துகிற செல்லப்பாவாக நாகேஷ், படத்தில் தன் அப்பாவாக வருகிற பாலையாவை உட்காரவைத்துப் பேய்க்கதை சொல்கிற காட்சி. எங்கள் வீட்டில் டிவியில் எப்போது போட்டாலும் குக்கர் விசில் எண்ண ஆள் இருக்காது. அந்தக் காட்சியில் நீங்கள் யார் முகத்தைப் பார்க்கிறீர்கள்? மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். பாலையா முகத்தை! கண் உருளுகிறது, கை துண்டைத் தேடுகிறது, கேட்கவும் பயம், எழுந்து போகவும் மனமில்லை. நாகேஷ் சத்தத்தாலேயே கதவைத் திறக்கிறார், சத்தத்தாலேயே காற்றை வீசவைக்கிறார், சிரிப்போ பாலையா முகத்தில் வந்து முளைக்கிறது. தன் முகத்தை வைத்து மட்டும் பிழைக்கிறவன் எதிரில் இருக்கிறவனுக்கு இப்படி விட்டுக்கொடுப்பானா? எங்கள் அணியிலேயே நான் எனக்கு அடுத்தவருக்கு ஐந்து நிமிடம் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. அவர் முறைப்பதைப் பாருங்கள்.

இன்னும் சந்தேகமா? ‘திருவிளையாடல்’, 1965. தருமி. இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். நம் நோம்பியில், கல்யாண வீட்டில், காது குத்தில், மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, விடியற்காலை நாலரைக்குப் போடுவார்களே, சாமி பாட்டு முடிந்ததும் எது வரும்? திருவிளையாடல் கதை வசனம். நான் முதன்முதலில் தருமியைப் பார்க்கவே இல்லை. கேட்டேன். போர்வைக்குள் படுத்துக்கொண்டு. “சொக்கா!” என்று ஒரு குரல் எங்கிருந்தோ காற்றில் வரும், போகும், காற்று திரும்பினால் மறுபடி வரும். அடுத்த பாயில் படுத்திருந்த என் தம்பி குலுங்குவது தெரியும். ஆயிரம் பொன் கைக்கு வருமா வராதா என்று அந்த மனிதர் தனியாக நின்று புலம்பப் புலம்ப, விடியாத நேரத்தில் தெருவே தூக்கத்தில் சிரித்தது. வக்கீல் அய்யா, குழாய் ஸ்பீக்கரில் முகம் ஏது? தழும்பு ஏது? ஒட்டிய கன்னம் ஏது?

கை தட்டுங்கள், இப்போது தட்டலாம்.

அந்தத் தருமி காட்சி முழுவதையும் ஒன்றரை நாளில் எடுத்து முடித்தார்கள் என்பார்கள். மயிலாப்பூர்க் கோயில் பக்கம் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்த ஒருவரைப் பார்த்து அந்தப் புலம்பலைப் பிடித்தார் என்றும் சொல்வார்கள். எதிரில் நிற்பவர் சிவாஜி. அவரே சிவபெருமானாக நிற்கிறார். அவர் முன்னால் நின்று வசனம் பேச நடிகர்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தருமி கேள்வி கேட்கிறான், சிவன் பதில் சொல்கிறார். படம் முடிந்து வெளியே வந்த ஜனம் எதைப் பேசிக்கொண்டு போனது? பதிலையா, கேள்வி கேட்டவனையா? அந்தக் காட்சியில் ஒரு அடிகூட வெட்டக்கூடாது என்று சொன்னவரே சிவாஜிதான் என்பார்கள். பெரிய மனிதர்.

இன்றைக்கும் பாருங்கள். நம் பிள்ளைகள் செல்போனில் ஒருவருக்கொருவர் அனுப்புகிற ஸ்டிக்கரில் தருமி இருக்கிறார், ‘தில்லானா மோகனாம்பாள்’ வைத்தி இருக்கிறார். ‘நீர்க்குமிழி’யில் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிற சேதுவை யாராவது காலை வணக்கத்துக்கு அனுப்புகிறார்களா? அனுப்பினால் அந்தக் குடும்பத்தில் அப்புறம் பேச்சுவார்த்தை இருக்குமா?

பேராசிரியை அம்மா ‘எதிர்நீச்சல்’ மாதுவைச் சொன்னார். 1968. மாடிப்படிக்குக் கீழே குடியிருந்துகொண்டு, வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் எடுபிடி வேலை செய்து, மிச்ச நேரத்தில் படிக்கிற பையன். அழுதோம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வக்கீல் அய்யா, அதுவும் அதே முகம்தானே? அதே தழும்பு, அதே கன்னம். பார்த்தாலே சிரிப்பு வருகிற முகம் என்றால் மாதுவைப் பார்த்தும் சிரிப்புத்தானே வந்திருக்க வேண்டும்? ஏன் அழுதீர்கள்?

ஐயையோ. எதிரணிக்கு நானே பாயிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறதே. நடுவர் அவர்களே, எழுதிக்கொள்ளாதீர்கள். வாய் தவறி வந்தது.

சரி, ‘நம்மவர்’. மகளைப் பறிகொடுத்த பேராசிரியராக நடித்ததற்கு நாகேஷுக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது. 1994. எதிரணி இதைப் பிரம்மாஸ்திரம் மாதிரி எறிந்தது. சிரிப்புக்கு விருது கிடைத்ததா, கண்ணீருக்குத்தானே கிடைத்தது என்று. அம்மா, அதே 1994இல் இன்னொரு படம் வந்தது. ‘மகளிர் மட்டும்’. அதில் நாகேஷுக்கு என்ன வேஷம்? பிணம். வசனம் இல்லை. கண் அசையக்கூடாது. மூச்சு விடுவது தெரியக்கூடாது. தூக்கினால் தொங்க வேண்டும், உட்காரவைத்தால் சரிய வேண்டும். யாருடைய பிணம் என்றே தெரியாமல் அதை வைத்துக்கொண்டு பெண்கள் படுகிற பாடு. எத்தனை ஆயிரம் பேர் அந்தத் தியேட்டரில் பிணத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்! நம் ஊரில் சாவு வீட்டில் யாராவது பல்லைக் காட்டிவிட்டால் ஏழு தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவோம். அந்த ஜனத்தைப் பிணத்தைப் பார்த்துச் சிரிக்க வைத்தார். உடம்பு விறைப்பாகவும் இருக்க வேண்டும், துணி மாதிரி துவளவும் வேண்டும். அறுபது வயதில். வீட்டில் போய் முயற்சி செய்து பாருங்கள், கழுத்து பிடித்துக்கொள்ளும். நான் பிடித்துக்கொண்டு மூன்று நாள் தைலம் போட்டவன்.

உயிரோடு இருந்து அழுதவரை டில்லி கண்டுகொண்டது, செத்துக் கிடந்து சிரிக்க வைத்தவரை விட்டுவிட்டது. அது டில்லியின் கணக்கு. கடைசிவரை ஒரு பத்ம விருதுகூடக் கிடைக்கவில்லை அந்த மனிதருக்கு. அதை இந்த மேடையில் பேசினால் எனக்குக் கோபம் வரும். நான் சிரிப்பு அணி.

நடுவர் மணியைத் தூக்குகிறார். அய்யா, கிளாஸ் கதை இன்னும் முடியவில்லை. அதை முடிக்காமல் இறங்கினால் இந்த ஜனம் உங்களை விடாது.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா எனக்கு இந்தக் கதையைச் சொன்னார். அப்போது கிளாஸ் பதினெட்டு. முதலாளி நோட்டில் பன்னிரண்டு என்று எழுதியிருந்ததாக அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “அந்தாளுக்கு எண்ணத் தெரியாது” என்றார் அப்பா. என் கல்யாணத்தின்போது சம்பந்தி வீட்டாருக்குச் சொன்னார். இருபத்தி நாலு. நெய் ரோஸ்ட் இரண்டாகிவிட்டது. என் மகனுக்கு ஆறு வயதில் சொன்னபோது நாற்பது. பிடித்தம் பத்து ரூபாய். அந்தப் புண்ணியவான் சந்தை ஆளாக இருந்தவர், தாசில்தாராகிவிட்டார். நான் கேட்டேன், “அப்பா, நாற்பது கிளாஸ் அடுக்கினா கூரையில முட்டுமே?” அப்பா கொஞ்சம்கூட அசரவில்லை. “அதனாலதான்டா குனிஞ்சு வந்தேன்.”

2009 ஜனவரி 31, சனிக்கிழமை. நாகேஷ் போய்விட்டார் என்று செய்தி. அன்றைக்கு டிவியில் எந்தப் பக்கம் திருப்பினாலும் நாகேஷ். அப்பா காலையில் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. செல்லப்பா வந்தார், சிரித்தார். தருமி வந்தார், சிரித்தார். வைத்தி வந்தார், சிரித்தார். மத்தியானம் ‘சர்வர் சுந்தரம்’ போட்டார்கள். அடுக்கிக்கொண்டு வருகிற காட்சி. அப்பாவின் இடுப்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு பக்கம் ஒடிகிறது, தலை ஒரு பக்கம் சாய்கிறது. அவருக்கே தெரியாமல். அப்புறம் சுந்தரத்தின் அம்மா சாகிற இடம் வந்தது. மகன் ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டு ஷூட்டிங்கில் நிற்கிறான், இங்கே பெற்றவள் உயிர் போகிறது, செய்தி அவன் காதுக்குப் போகவில்லை. அப்பா துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். “மேல தண்ணி பட்டிருச்சு” என்றார். வீட்டுக்குள் ஏது தண்ணீர்?

நடுவர் அவர்களே, இதையும் எழுதிக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் சில வருஷத்தில் அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. முதலில் சட்டை பட்டன் போட முடியவில்லை. பிறகு சோறு அள்ள முடியவில்லை. ஒரு காலத்தில் நாலு தட்டு இட்லியை ஒரே கையில் வரிசையாக வைத்துக்கொண்டு, யார் இலையிலும் சட்னி சிந்தாமல் போன கை அது. பத்து டேபிளின் ஆர்டரை மனதிலேயே வைத்துக்கொண்டு, யாருக்குச் சர்க்கரை இல்லாத காபி, யாருக்கு டிகாஷன் தூக்கலாக என்று முகம் பார்த்துச் சொன்னவர். அவருக்கு நாங்கள் டீயை ஸ்பூனில் கொடுத்தோம். ஊட்டும்போது என் முகத்தைப் பார்க்கவே மாட்டார். சன்னலைப் பார்ப்பார். வீட்டில் சிரிப்பே நின்றுவிட்டது. அவர் இருக்கிற அறைக்குள் டிவிகூடப் போடுவதில்லை.

ஒரு நாள் சாயந்தரம். என் வீட்டுக்காரி டீயைக் கண்ணாடி கிளாஸில் ஊற்றி, ஆறட்டும் என்று ஸ்டூல் மேல் வைத்துவிட்டு ஸ்பூன் எடுக்க உள்ளே போனாள். நான் கதவோரம் நிற்கிறேன். என் மகன் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறான். அப்பா அந்தக் கிளாஸைப் பார்க்கிறார். மெதுவாகக் கையை நீட்டுகிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எடுத்துவிட்டார். ஒரு சாண் தூக்கிவிட்டார். கை ஆடுகிறது, டீ ஆடுகிறது, அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துத் தாங்கிப் பிடிக்கப் பார்க்கிறார். வாய்க்கு இன்னும் நாலு விரல்கடை.

விழுந்துவிட்டது.

தரையெல்லாம் டீ, கண்ணாடி. என் வீட்டுக்காரி ஸ்பூனோடு நிலைப்படியில் நிற்கிறாள். பையன் என்னைப் பார்க்கிறான். யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்பா உடைந்த கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

“நாப்பத்தி ஒண்ணு” என்றார்.